முதல் அளவு

— பாப்பா, திரும்பத் திரும்ப அதையே கேட்டா எப்படி? கம்ப்யூட்டர்ல பச்சை விளக்கு எரியுது. பாலம் கல்லு மாதிரி இருக்கு. ரிப்பன் வெட்டப் பெரிய மனுஷங்க கிளம்பியாச்சு. போனை வைக்கட்டுமா?

— வைக்காதீங்கப்பா. கல்லா இருந்தா நான் ஏன் கேக்கப் போறேன்? கார்பன் துணியைப் பசை போட்டு அடுக்கடுக்கா ஒட்டின பாலம். உள் அடுக்கு ஒட்டு விட்டுப் பிரிஞ்சு போனா வெளியில ஒரு கீறல்கூடத் தெரியாதுன்னு சொல்லிக் கொடுத்ததே நீங்கதான்.

— அதுக்குத்தானே அடியில சென்சார் ஒட்டி வெச்சிருக்கோம்? ஏதாவது விட்டிருந்தா அது காட்டிக் கொடுத்திருக்காதா?

— எதோட ஒப்பிட்டுக் காட்டும்? பாலம் முழுசா இருந்தப்ப எடுத்த அளவோட. அந்த அளவை எப்ப எடுத்தோம்?

— பாரம் தாங்குதான்னு பாக்க மணல் மூட்டை ஏத்தி இறக்கின மறுநாள்.

— அங்கதான்பா இடிக்குது. மூட்டை ஏத்தறதுக்கு முன்னாடியே ஒண்ணு எடுத்தோமே, அது எங்க?

— சென்சாருக்குப் போட்ட பசை காயறதுக்குள்ள எடுத்தது அது. தப்புத் தப்பா இருந்துது, அழிச்சுட்டேன். விஷயம் இவ்வளவுதான்.

— ஒட்டினவ நான். நல்லாக் காஞ்சிருந்துச்சு. மூட்டை ஏத்தினப்பவே உள்ள விட்டிருந்தா? அடிபட்ட பாலத்தையே நல்ல பாலம்னு மெஷினுக்குக் காட்டியிருக்கோம். இனி அது ஆயுசுக்கும் பச்சைதான் காட்டும்.

— இருந்தா, இருந்தான்னு... அத்தைக்கு மீசை முளைச்சா சித்தப்பாங்கற கதையால்ல இருக்கு!

— நேத்து சாயங்காலம் போய்க் காசால தட்டிப் பார்த்தேன்ப்பா. ஓரமெல்லாம் டங்கு டங்குன்னு கேட்டுச்சு. நடுவுல மட்டும் பொத்து பொத்துன்னு.

— உன் காதை நம்பி என் ஆயுசு உழைப்பைக் குப்பையில கொட்டணுமா? இன்னைக்குத் திறக்கலைன்னா லேபை இழுத்து மூடிடுவாங்க. அப்புறம் என்னை எந்த நாய் மதிக்கும்? உங்கம்மா போனதுக்கப்புறம் எனக்குன்னு இருக்கறது இது ஒண்ணுதான்டி.

— நான் இல்லையாப்பா?

— அட, அதைச் சொல்லலை. வாயைப் பிடுங்காத.

— எதிர்த்தாப்பல ஸ்கூல். மணி அடிச்சா பிள்ளைங்க ஒரே கும்பலா பாலத்து மேல ஓடி வரும். ஒரு வாரம் தள்ளிப் போடுங்கப்பா. முழுசா ஸ்கேன் எடுத்துப் பார்த்துடலாம். உங்களைக் கெஞ்சிக் கேக்கறேன்.

— ஒண்ணும் ஆகாது. யானையே நடக்கலாம் அது மேல. ஆமா, நீ எங்க இருக்க? காத்து ஏன் இந்தப் போடு போடுது?

— பாலத்து மேலதான். நட்ட நடுவுல நிக்கறேன். யானையே நடக்கலாம்னீங்களே, ஒரு தடவை குதிச்சுப் பாக்கட்டுமா?

— ஏய், வேண்டாம்! குதிச்சுடாத! பாப்பா, கைப்பிடியை இறுக்கிப் பிடிச்சுக்க. அங்கதான் விட்டிருக்கு, மூட்டை ஏத்தினப்பவே விட்டுப்போச்சு... ஓரமா வா. ஓரமா, மெதுவா, ஒவ்வொரு அடியா. என் தங்கமில்ல, அப்பா சொன்னாக் கேளுடா.

— நான் பாலத்துக் கேட்டுக்கு வெளியதான்ப்பா நிக்கறேன். உங்களுக்குத் தெரியாதுன்னுதான் இவ்வளவு நேரமும் நம்பிக்கிட்டிருந்தேன்.