மடியில் வந்த பெட்டை

ஊர்காவற்றுறைப் பொலிஸ் ஸ்தலத்தில், 1949ஆம் ஆண்டு ஆவணி மாதம், சார்சன் தம்பிராசா முன்னிலையில் கேட்டு எழுதப்பட்டது.

என் பெயர் செபஸ்தியம்மா. வயது ஐம்பத்திரண்டு. காலஞ்சென்ற மனுவேல் என்பவரின் பெண்சாதி. கரம்பொன் தெற்கில் எங்கள் சொந்த வளவில் குடியிருக்கிறேன். சமயம் கத்தோலிக்கம். ஆடு வளர்த்தும் ஓலைப் பெட்டி இழைத்தும் சீவிக்கிறேன். இரண்டாம் வகுப்பு வரை படித்தேன். கையெழுத்து வைக்கத் தெரியும். இதற்கு முன் பொலிசுக்கோ கோட்டுக்கோ ஒரு காரியமாகவும் போனதில்லை.

என்மேல் கொடுக்கப்பட்ட முறைப்பாடு எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. கொழும்பிலிருந்து பலாலிக்கு வந்த ஆகாயக்கப்பலில் ஒரு நாயைக் குழந்தை என்று பொய் சொல்லி, சால்வையால் மூடி ஒளித்துக் கொண்டுவந்தேன் என்று அதில் இருக்கிறது. நாய் வந்தது உண்மை. என் மடியில் இருந்தது உண்மை. பொய் சொன்னதும் ஒளித்ததும் உண்மையல்ல. நடந்ததை நடந்த ஒழுங்கில் சொல்கிறேன்.

எனக்கு ஒரே பிள்ளை. பெயர் மேரிஜோசப்பின். கொழும்பில் ரெலிபோன் கந்தோரில் வேலை. கரம்பொனிலிருந்து அந்த வேலைக்குப் போன முதல் பெண் அவள்தான். இது வழக்குக்குத் தேவையில்லை, எழுத வேண்டாம் என்று சார்சன் சொன்னார். எழுதத்தான் வேண்டும் என்று நான் கேட்டேன், எழுதினார். கொட்டாஞ்சேனையில் ஒரு அறையில், அதே கந்தோரில் வேலை செய்யும் அன்னபூரணம் என்ற பிள்ளையோடு இருந்தாள். அங்கே மழைக்குள் தெருவில் கிடந்து கத்திய நாய்க்குட்டி ஒன்றை எடுத்து வளர்த்தாள். வெள்ளை நிறம், ஒரு காது மட்டும் மண்ணிறம், பூனையிலும் கொஞ்சம்தான் பெரிது. பெட்டை. அதற்குச் சின்னக்குட்டி என்று பெயர் வைத்தாள். எனக்கு எழுதுகிற கடிதங்களில் பாதி அந்த நாயைப் பற்றித்தான் இருக்கும்.

இந்த ஆடி மாதம் நெருப்புக் காய்ச்சலில் மகள் இறந்துபோனாள். சோளகக் காற்றுக்குத் தீவுக்கு வருகிற லோஞ்ச் படகு ஓடாதபடியால் தந்தி எனக்குப் பிந்திக் கிடைத்தது. நான் போய்ச் சேர்ந்தபோது அடக்கம் முடிந்திருந்தது. அறைக்குள் போனேன். அவளுடைய கட்டிலுக்குக் கீழே நாய் கிடந்தது. அதை நான் அதற்கு முன் கண்டதில்லை, அதுவும் என்னைக் கண்டதில்லை. எழும்பி வந்து என் கையை மணந்து பார்த்துவிட்டு மடியில் ஏறிப் படுத்தது. அதற்குப் பிறகு நான் இருக்கிற இடத்தில் அது இருந்தது.

அடுத்த மார்கழி நத்தார்ப் பெருநாளுக்கு ஆகாயக்கப்பலில் வருவதற்கென்று மகள் காசு சேர்த்து வைத்திருந்தாள். நாயை மடியில் வைத்துக்கொண்டு பறந்து போய் அம்மாவுக்கு முன்னால் இறங்கப்போகிறேன் என்று கந்தோரில் எல்லோருக்கும் சொல்லி வைத்திருந்தாளாம். அன்னபூரணம் அந்தக் காசை என் கையில் தந்து, மகளின் பேரில் பூசை கொடுக்கலாம் என்றாள். பூசைக்கு என்னிடம் ஆடு நிற்கிறது, விற்றுக் கொடுப்பேன், இது பறக்கிறதற்கென்று வைத்த காசு, பறக்கிறதற்குத்தான் போகும் என்று நான் சொன்னேன். அதன் பிறகு அன்னபூரணம் என்னைக் கோட்டைப் பக்கத்தில் ரிக்கற் விற்கிற கந்தோருக்குக் கூட்டிக்கொண்டு போனாள். நாயும் வந்தது. உள்ளே நாய் கொண்டுபோகக் கூடாது என்று வாசற்காவலாளி சொன்னதால் அன்னபூரணம் அதைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றாள். நான் தனியே உள்ளே போனேன். எனக்கு ஒருவரும் எதுவும் சொல்லிக் கொடுத்து அனுப்பவில்லை.

மேசையில் இருந்த கிளாக்கர் எங்கள் பகுதி ஆள். பேச்சில் தெரிந்தது. அவர் கேட்டதும் நான் சொன்னதும் எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. முறைப்பாடு முழுவதும் அதில்தான் நிற்கிறது என்றபடியால் அதை அப்படியே எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.

"தனியவோ போறியள், ஆரும் கூட வருகினமோ?"

"சின்னக்குட்டியும் வருது."

"எத்தினை வயசு?"

"ஒண்டரை."

"மடியிலை வைச்சிருப்பியளோ?"

"மடியை விட்டு இறங்காது."

"பெடியனோ பெட்டையோ?"

"பெட்டை."

"ஆற்றை? உங்கடையோ?"

"மகளின்ரை."

"அப்ப மகள் வரேல்லையோ?"

"மகள் மோசம் போட்டாள். காய்ச்சல்."

அவர் பேனையைக் கீழே வைத்தார். அதன் பிறகு, "அதுக்கென்ன தெரியும், பாவம். கவனமாக் கொண்டு போங்கோ அம்மா. மடியிலை வாறதுக்குக் காசில்லை" என்று சொன்னார். எழும்பி வந்து கதவு வரைக்கும் என்னோடு கூட வந்து விட்டார். வாயில்லாச் சீவனுக்கும் இரங்குகிற மனிதர் என்று நான் நினைத்தேன். அவர் வேறு நினைத்தார் என்பது எனக்குப் பலாலியில்தான் தெரிந்தது.

அவர் என்ன எழுதினார் என்று கேட்கப்பட்டது. இங்கிலீசில் எழுதியிருந்தார். நான் இங்கிலீசு வாசிக்க மாட்டேன். பெட்டை என்று ஏன் சொன்னேன் என்றும் கேட்கப்பட்டது. அது பெட்டை என்றபடியால் சொன்னேன். எங்கள் ஊரில் பெண்பிள்ளையையும் பெட்டை என்கிறோம், ஆட்டையும் நாயையும் பெட்டை என்கிறோம். சின்னப் பிள்ளையையும் 'அது படுக்குது, அது வருது' என்றுதான் சொல்கிறோம். இது நான் உண்டாக்கின பேச்சல்ல. கேட்டவரும் அதே பேச்சில்தான் கேட்டார். குழந்தை என்ற சொல் அவர் வாயிலும் வரவில்லை, என் வாயிலும் வரவில்லை.

அதன் பிறகு குறித்த நாளில் அன்னபூரணம் என்னை இரத்மலானைக்குக் கொண்டுபோய் விட்டாள். மேலே குளிரும் என்று மகளின் கம்பளிச் சால்வையால் நாயைச் சுற்றித் தந்தாள். அங்கே ஆட்களைத் தராசில் நிறுத்துத்தான் ஏற்றுகிறார்கள். என்னையும் நாயையும் ஒன்றாக நிறுத்தார்கள். முகம் மூடியிருந்ததா என்று கேட்கப்பட்டது. மூடவில்லை. நாய் தன் முகத்தை என் கழுத்துக்குள் வைத்திருந்தது, அது எப்போதும் படுக்கிற விதம் அதுதான். வால் சால்வைக்கு வெளியே தொங்கியது. வாலை நான் உள்ளே எடுத்து வைக்கவில்லை. பார்க்கிறவர்கள் பார்த்திருக்கலாம். ஒருவராவது இது என்ன என்று கேட்டிருந்தால் நாய் என்று சொல்லியிருப்பேன். கேட்கவில்லை. இறந்த வீட்டுக் கறுப்புச் சீலையோடு நின்ற என் முகத்தை எல்லோரும் பார்க்காமல் விலகினார்கள்.

அதன் பிறகு ஏறினோம். எனக்குப் பக்கத்துக் கதிரையில் கோட்டில் வழக்குப் பேசுகிற ஒரு பிரக்கிராசியார் இருந்தார். இப்போது முறைப்பாடு கொடுத்திருப்பவர் அவர்தான். ஏறினவுடன் என் மடியைப் பார்த்து, தன் கைப்பெட்டியை ஒதுக்கி இடம் விட்டார். நல்ல மனிதர். கப்பல் எழும்பும்போது காது அடைத்தது, பெரியவர்களும் கதிரையை இறுக்கிப் பிடித்தார்கள். சின்னக்குட்டி ஒரு சத்தமும் போடவில்லை. அவர் அதைக் கண்டு, "பிள்ளை நல்ல அடக்கம். நல்ல வளர்ப்பு" என்று சொன்னார். நான், "மகளின்ரை வளர்ப்பு" என்று சொன்னேன். பிள்ளை என்றபோது ஏன் திருத்தவில்லை என்று சார்சன் கேட்டார். மகளும் அதைப் பிள்ளை என்றுதான் கூப்பிட்டாள், கடிதத்திலும் அப்படித்தான் எழுதினாள். எனக்கு அது பிழையாகப் படவில்லை. வளர்ப்பைச் சொன்னதுதான் எனக்குக் காதில் விழுந்தது.

அதன் பிறகு கப்பலில் உபசரிக்கிற பெண் ஒருத்தி சின்னக் கோப்பையில் சூடான பால் கொண்டுவந்தாள். நாய் குடித்தது. அந்தப் பெண் நாயைக் கண்டாளா, கண்டும் பேசாமல் விட்டாளா என்று கேட்கப்பட்டது. அவள் கண்டதை அவளிடம் கேட்க வேண்டும். பால் நல்ல பால். அவளைப் பற்றி எனக்குச் சொல்ல வேறொன்றுமில்லை.

அதன் பிறகு காற்று அடித்துக் கப்பல் ஏறி இறங்கியது. இருந்தவர்களில் பாதிப்பேர் சத்தி எடுத்தார்கள். நான் எடுக்கவில்லை, தோணியில் ஆடிப் பழகின உடம்பு. சின்னக்குட்டியும் எடுக்கவில்லை. மன்னார்ப் பக்கம் கழிய, கண்ணாடிக்குள்ளால் தீவுகள் தெரிந்தன. நெடுந்தீவில் கல்வேலிகள் கோடு கோடாகக் கிடந்தன, அவற்றுக்குள் மாடுகள் எறும்பளவில் நின்றன. எங்கள் துறையில் கடலுக்குள் நிற்கிற கோட்டை ஒரு சிரட்டை அளவில் தெரிந்தது. கரம்பொன் கோயிற் கூரையை அடையாளம் பிடித்தேன். என் வளவு எது என்று பிடிக்க ஏலவில்லை, ஆனால் அதற்கு மேலாகத்தான் போனேன். எங்கள் ஊரில் பிறந்து, ஊரை மேலே நின்று பார்த்த பெண்கள் வேறு இருந்தால் சார்சன் சொல்லட்டும். மகள் பார்க்க வேண்டியது. நாயைத் தூக்கிக் கண்ணாடியில் பிடித்து, உதுதான் அவள் பிறந்த இடம் என்று காட்டினேன். பிரக்கிராசியார் அந்த நேரம் கடதாசிப் பைக்குள் முகத்தை வைத்திருந்தபடியால் எதையும் காணவில்லை.

அதன் பிறகு பலாலியில் இறங்கினோம். ஏணியால் இறங்கி நாயைப் புல்லில் விட்டேன். அது கால் நீட்டி, உடம்பை உதறிவிட்டு, பக்கத்தில் நின்ற பிரக்கிராசியாரின் கைப்பெட்டி ஓரமாகச் சலம் விட்டது. நின்றவர்கள் சிரித்தார்கள். அவருக்குப் பின்னால் இறங்கின ஒருவர், "அண்ணை, நல்ல வளர்ப்பெண்டு நீங்கள் தானே சொன்னியள்" என்று கேட்டார். அதிலிருந்துதான் எல்லாம் வந்தது. அந்த ஒரு பகிடி இல்லாவிட்டால் இன்றைக்கு நான் ஸ்தலத்தில் இந்த வாங்குப் பலகையில் இருக்கமாட்டேன். பெட்டி ஓரம் நனைந்ததற்கு அவரிடம் அங்கேயே மன்னிப்புக் கேட்டேன், சால்வையால் துடைத்தும் விட்டேன். அது நடந்தது, அதற்கு மன்னிப்பு உண்டு.

அங்கே நின்ற கம்பெனி உத்தியோகத்தர் என் ரிக்கற்றை வாங்கிப் பார்த்து, பெண் குழந்தை ஒன்று என்று போட்டிருக்கிறது, குழந்தை எங்கே என்று கேட்டார். நான் நாயைக் காட்டினேன். "மனுசி, ஏமாத்திப்போட்டீர்" என்றார். நான், "கேட்டதுக்கெல்லாம் மறுமொழி சொன்னனான். பெட்டை எண்டு சொன்னனான், பெட்டைதான். ஐமிச்சமெண்டால் தூக்கிப் பாருங்கோ" என்று சொன்னேன். அவர் தூக்கிப் பார்க்கவில்லை.

அதன் பிறகு நான் வீடு போய்ச் சேர்ந்தேன். நேற்று ஊர்த் தலைமைக்கார விதானையார் வந்து, ஸ்தலத்துக்கு நாயோடு வரவேண்டும் என்று அறிவித்தார். இன்று வந்தேன். சார்சன் எனக்குச் சொன்னதாவது: நாயைச் சால்வைக்குள் ஒளித்துக்கொண்டு வந்தேன் என்று ஒப்புக்கொண்டு ஒரு வரி எழுதிக் கையெழுத்து வைத்தால் பிரக்கிராசியார் முறைப்பாட்டை விட்டுவிடுவார், நாயையும் வீட்டுக்குக் கொண்டுபோகலாம். இல்லாவிட்டால் காரியம் கோட்டுக்குப் போகும், அதுவரைக்கும் நாயை வழக்குச் சாமானாக ஸ்தலத்தில் கட்டி வைக்க வேண்டி வரும். "ஆச்சி, ஒரு வரிதானே. ஆர் போய் வாசிக்கப் போகினம்?" என்று சார்சன் கேட்டார். எனக்கு நன்மையாகத்தான் சொன்னார் என்பது எனக்குத் தெரியும்.

நாயை விட்டுப் போக எனக்கு மனம் இல்லை. வீட்டில் இப்போது எனக்கென்று அதுதான் இருக்கிறது. ஆனாலும் அந்த வரிக்குக் கையெழுத்து வைக்க ஏலாது. காரணத்தையும் எழுதச் சொல்கிறேன்.

போன நத்தாருக்கு மகள் நாயோடு யாழ்ப்பாணம் வரும் மெயில் றெயிலில் ஏறியிருக்கிறாள். றெயில் கார்ட் வந்து, நாயைக் கூட்டில் அடைத்துக் கடைசிப் பெட்டியில்தான் ஏற்றலாம் என்று சொன்னார். கூட்டில் விட அது நடுங்கிக் கத்தியிருக்கிறது. பக்கத்தில் இருந்த ஒரு மனுசி, கூடைக்குள் விட்டுச் சீலையால் மூடு பிள்ளை, கேட்டால் சாப்பாடு என்று சொல்லு, எல்லோரும் அப்படித்தான் என்று புத்தி சொன்னாள். மகள், "ஒளிச்சுக் கொண்டு போக என்னாலை ஏலாது" என்று சொல்லிவிட்டு, பெட்டியையும் நாயையும் தூக்கிக்கொண்டு றெயில் வெளிக்கிட முன்னம் இறங்கிவிட்டாள். வேறு லீவு அவளுக்குக் கிடைக்கவில்லை. இதை அவள் எனக்கு எழுதவில்லை. வழியனுப்பப் போயிருந்த அன்னபூரணம்தான், அடக்கம் முடிந்த வீட்டில் எனக்குச் சொன்னாள்.

அன்றைக்குக் கூடையை மூடியிருந்தால் அவள் நத்தாருக்கு வந்திருப்பாள். நான் அவளை இன்னுமொருமுறை கண்டிருப்பேன். அவள் மூடவில்லை. என் பிள்ளை மூடாத ஒன்றை நான் மூடினேன் என்று எழுதினால், அவள் அன்றைக்கு இறங்கினதற்கு என்ன அர்த்தம்? அவள் மரியாதையாக இறங்கினாள். அவளுடைய நாய் மரியாதையாக, வால் வெளியே தெரிய, பலாலியில் வந்து இறங்கியது. கோட்டில் கேட்டாலும் இதைத்தான் சொல்வேன். நாயைக் கட்டுவதென்றால் எனக்கும் இந்த வாங்கில் இடம் விட வேண்டும், தனிய இருந்தால் அது சாப்பிடாது.

மேலே உள்ளது எனக்கு இரண்டுதரம் வாசித்துக் காட்டப்பட்டது. ஓர் இடத்தில் 'மூடி' என்று எழுதியிருந்ததை 'சுற்றி' என்று மாற்றச் சொன்னேன், மாற்றினார். மற்றதெல்லாம் நான் சொன்னபடியே இருக்கிறது. என் அறிவுக்கு எட்டினவரை உண்மையல்லாத சொல் இதில் ஒன்றும் இல்லை.

(ஒப்பம்) ம. செபஸ்தியம்மா

என் முன்னிலையில் சொல்லப்பட்டு, என்னால் எழுதப்பட்டு, வாசித்துக் காட்டப்பட்டு ஒப்பம் பெறப்பட்டது. முறைப்பாடு கோட்டுக்கு அனுப்பப்படுகிறது. வழக்குச் சாமான், வெள்ளைப் பெட்டை நாய் ஒன்று, ஸ்தலத்தில் கட்டி வைக்க வசதியில்லாத காரணத்தால் வாக்குமூலம் கொடுத்தவரின் மடியிலேயே விடப்பட்டது.

(ஒப்பம்) தம்பிராசா, பொலிஸ் சார்சன், ஊர்காவற்றுறை