சத்தியபாமா ரீச்சரின் வான்

என் கராஜ் சுவரில் நான் கையால் எழுதி ஒட்டியிருந்த விதிகளை, விசாரணைக்கு வந்த நீங்கள் படம் எடுத்துக்கொண்டு போனீர்கள், ஐயா. எழுத்துப் பிழைகள் இருக்கும். எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். ஆனால் விதிகள் சரியானவை. வெல்டிங் பிடிக்க முன்னர் பற்றறி வயரைக் கழற்ற வேண்டும். பெற்றோல் தாங்கியை இறக்கித் தூர வைக்க வேண்டும். ஜக்கை மட்டும் நம்பி வாகனத்துக்குக் கீழே போகக்கூடாது; இரும்பு முட்டுக் கொடுக்க வேண்டும். பதினெட்டு வருடமாக அங்கே ஒருவருக்கும் விரல்கூட நசுங்கியதில்லை.

வேலணையிலிருந்து ஊர்காவற்றுறை வரை என் வேலையில் குறை கண்டவர் இல்லை. நெளிந்த கதவை நான் நிமிர்த்திக் கொடுத்தால், எந்தக் கதவு நெளிந்தது என்று சொந்தக்காரருக்கே தெரியாது.

சத்தியபாமா ரீச்சர் அல்லைப்பிட்டியில் முன்பள்ளி நடத்துகிறார். பதினொரு பிள்ளைகளை ஏற்றும் அவருடைய வானின் அடிச்சட்டத்தை உப்புக்காற்று அரித்திருந்தது. மாசியில் என்னிடம் விட்டார். உக்கிய பகுதியை வெட்டிவிட்டுப் புது இரும்பு ஒட்டியிருக்க வேண்டும். நான் தகரம் வைத்து, மேலே பட்டிப் பசை தடவி, கறுப்புப் பெயின்ற் அடித்தேன். அவருக்கு அவசரம். வானைக் கண்டதும், “புதுசு மாதிரி இருக்கு அண்ணை” என்று கண் கலங்கினார்.

ஐப்பசியில், கதவு பூட்டுதில்லை என்று திரும்பக் கொண்டுவந்தார். அன்று நான் யாழ்ப்பாணம் போயிருந்தேன். லியோன்தான் வானைத் தூக்கிப் பார்த்திருக்கிறான். மண்டைதீவுக்காரன், ஒன்பது வருடம் என்னோடு வேலை செய்தவன். மறுநாள் காலை நான் வந்தபோது பட்டியைச் சுரண்டிக்கொண்டிருந்தான்.

“அண்ணை, இது உங்கட வேலையோ?”

“ஓம்.”

“பிள்ளையள் ஏறுற வான் அண்ணை. நடுவாலை முறியும்.”

“நீர் பெயின்றைப் பாரும். அடிச்சட்டம் என்ர வேலை.”

“ஏலாது அண்ணை. பத்து மணிக்கு ரீச்சர் வாறா. நான் காட்டப்போறன்.”

அவன் கோபப்பட்டிருந்தால் நான் சமாளித்திருப்பேன். அவன் என்னைப் பார்த்து இரக்கப்பட்டான்.

கை கழுவக் கிணற்றடிக்குப் போனான். நான் முட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்தேன். ஜக் மட்டும் வானைத் தாங்கி நின்றது. அவன் வந்து, குனிந்துகூடப் பார்க்காமல் கீழே புகுந்தான். முட்டுக் கொடுப்பது எப்போதும் நான்தான். அதை அவன் ஒருநாளும் சரிபார்ப்பதில்லை.

“அண்ணை, லைற்றைக் கொஞ்சம் இஞ்சாலை பிடியுங்கோ” என்றான்.

பிடித்தேன். மற்றக் கையால் ஜக்கின் திருகைத் தளர்த்தினேன்.

முட்டு சறுக்கியது என்று முதலில் உங்களிடம் சொன்னேன். நீங்களும் நம்பினீர்கள். ஆனால் நேற்று உங்கள் அறிக்கையை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். ‘உரிமையாளரின் கவனயீனம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கு நான் கையெழுத்து வைக்கமாட்டேன். நான் கவனயீனமாக ஒரு வேலையும் செய்தவனல்ல. லியோனைக் கொன்றேன் என்று எழுதுங்கள், வைக்கிறேன்.

வானை நீங்கள் விடுவித்த கிழமையே, பழையபடி பட்டி தடவி நானே முடித்துக் கொடுத்தேன். கதவு இப்போது அழகாகப் பூட்டுகிறது. தினமும் காலையில் பிள்ளைகள் பாட்டுப் பாடிக்கொண்டு அதில்தான் போகிறார்கள். ரீச்சரிடம் கேட்டுப் பாருங்கள், என் வேலையில் ஒரு குறை சொல்லட்டும்.