வெள்ளிக்கிழமை வெந்நீர்

— கண்ணை மூடுங்க அம்சவேணி. ரெண்டு பாதத்தையும் ஒட்டி வெச்சு நில்லுங்க.

— நின்னுட்டுத்தானுங்க டாக்டர் இருக்கறேன்.

— நல்லாவே நிக்கிறீங்க. இப்ப இந்தத் தரைக்கோட்டு மேல, ஒரு கால் குதிகாலால மத்த கால் விரல் நுனியைத் தொட்டுத் தொட்டு நடங்க. போதும். தள்ளாட்டம் அதிகமில்லையே, கருப்பசாமி.

— அதுதானுங்க டாக்டர் எனக்கு வயித்தெரிச்சல். இங்க வந்தா நட்டு வெச்ச கம்பமாட்ட நிக்கறா. போன தடவையும் இப்படித்தான் நின்னா, தனியா இருக்கலாம்னு சொன்னீங்க. அந்த வாரமே விழுந்து நெத்தியப் பேத்துக்கிட்டா. அச்சா, இந்த வடக்கத்தி ஊர்ல நான் ஆபீசுல ஃபைலப் பாக்கறதா, லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்சுல சம்சாரம் நிக்கறாளா கெடக்கறாளான்னு நெனச்சுட்டு உக்காந்திருக்கறதா?

— ஏனுங்க, கெடக்கறேன்னு சொல்லாதீங்க.

— பின்ன எப்படிச் சொல்றது அம்மிணி? இவ அண்ணன் ஊர்ல இருந்து வந்திருக்காருங்க டாக்டர். இவ விழுவான்னு நீங்க சொல்லிட்டா, நாளைக்கே ரயிலேத்திக் கோபிக்குக் கூட்டிட்டுப் போயிருவாரு.

— நான் போகமாட்டனுங்க. அண்ணன் பொண்டாட்டி போடற சோத்துக்கு நான் கையேந்தோணுமா?

— கொஞ்சம் பொறுங்க ரெண்டு பேரும். மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ் மாதிரி நரம்பு நோய்ல நிக்க வெச்சு, நடக்க வெச்சுப் பாத்தா மட்டும் பத்தாது. எப்ப விழறாங்க, எங்க விழறாங்கன்னு தெரியணும்.

— எப்பவும் ஒரே எடம்தானுங்க. குளிக்கற ரூம் வாசல். வெள்ளிக்கிழமை எண்ணெ தேச்சுக் குளிச்சுப்போட்டு இவ வெளிய கால் வெச்சா, தொப்புன்னு. எண்ணெ வழுக்குதுன்னு சீயக்காயப் போட்டுத் தரையத் தேச்சுத் தேச்சு என்ற கைதான் போச்சு.

— மத்த நாள்ல?

— மத்த நாள்ல இவளே பச்சத்தண்ணியில குளிச்சுக்குவா. விழுகறதில்லீங்க.

— வெள்ளிக்கிழமை மட்டும் வெந்நீரா?

— ஆமாங்க. நானே எண்ணெ தேச்சுவிட்டு, அங்கீட்டிக் கரியடுப்புல தண்ணி காய வெச்சு ஊத்துவேன். நரம்புக்குச் சூடு நல்லதுன்னு எங்கூருல சொல்லுவாங்க. இவ விழ விழ நானும் இன்னும் கொஞ்சம் சூடாத்தான் ஊத்தினேன்.

— எண்ணெய் இல்ல கருப்பசாமி, அந்தச் சூடுதான். இந்த நோய்ல உடம்பு சூடேறினா கால் சொன்னபடி கேக்காது. ஆறினதும் பழையபடி நிக்கும். இனிமே வெந்நீர் வேண்டாம், ஊருக்கும் போக வேண்டாம்.

— அப்ப இத்தன நாளா நானேதான் இவளத் தள்ளி உட்டுட்டு இருந்தனா? ஏன் அம்மிணி, ஊத்தறப்பவே காலு தளந்திருக்குமே, உனக்குத் தெரியலயா? வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொல்றதுக்கென்ன?

— தெரியுமுங்க. சொன்னா, நானே பச்சத்தண்ணிய மொண்டு ஊத்திக்கோணும். நோவு வந்ததுல இருந்து நீங்க என்னையத் தொடறது அந்த வெள்ளிக்கிழமை மட்டுந்தானுங்களே.