சீமை எலிக்குப் பேறுகாலம்

கெம்பம்மா: கதவைச் சாத்துங்கன்னா சாத்துங்க ஜோதிம்மா… காத்து அடிக்குது. பச்ச ஒடம்புக்காரி.

ஜோதி: சாத்தினா எழுத்து தெரியல, கெம்பம்மா. இந்தப் பக்கத்தை மட்டும் முடிச்சிடறேன்.

கெம்பம்மா: காலையில இருந்து அந்த ஒரு பக்கத்தைத்தான் முடிக்கிறீங்க. அவ அங்க கூண்டைச் சுத்திச் சுத்தி ஓடுறா. 'வீக் வீக்'னு கத்திக் கத்தி என் காதே போச்சு.

ஜோதி: முதல் பிரசவம். பயந்திருக்கு. அப்படித்தான் இருக்கும்னு போட்டிருக்கு.

கெம்பம்மா: எலி முதல் பிரசவத்துல பயப்படும்னு புத்தகம் போட்டிருக்கானா? போடுவான். அவனுக்கு வேற வேலை இல்ல.

ஜோதி: எலி இல்ல. கினிப்பிக். எத்தனை தரம் சொல்றது?

கெம்பம்மா: பிக்குன்னா பன்னின்னு நீங்கதானே சொன்னீங்க? எந்தப் பன்னி உள்ளங்கையில உக்காரும்? சீமை எலிதான். நாப்பது மாட்டுக்குச் சாணி அள்ளிட்டிருந்தவளை எலிக்கு மருத்துவச்சி ஆக்கிட்டீங்க. கொட்டாயில அத்தனை பேரும் சிரிக்கிறாங்க.

ஜோதி: சிரிக்கட்டும். டாக்டர் நாளைக்கு மத்தியானம் குந்தாரப்பள்ளி சந்தையில மாட்டுக்கு ஊசி போட்டுட்டு ஜீப்புல வந்துடுவார். அவர் வர்றப்ப தாயும் மூணு குட்டியும் உயிரோட இருக்கணும். அவ்வளவுதான்.

கெம்பம்மா: இல்லேன்னா?

ஜோதி: இல்லேன்னா எனக்கு இந்த லேபரட்டரி கிடையாது. 'பி.எஸ்ஸி. படிச்சா போதாதும்மா, உயிருங்களோட பழகத் தெரியணும். இல்லேன்னா ஆபீசுல கடுதாசி எழுதப் போயிடு'ன்னு ஜீப்புல ஏறும்போதே சொல்லிட்டார். போன மாசம் வெயில்ல ரெண்டு பொட்டை செத்துது. இது ஒண்ணுதான் மிச்சம்.

கெம்பம்மா: வெயில்ல செத்ததுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க? சூரியனை ஊதி அணைப்பீங்களா?

ஜோதி: அதை அவர்கிட்ட நீங்க சொல்லுங்களேன்.

கெம்பம்மா: நானா? அவரைப் பாத்தாலே எனக்கு நாக்கு உள்ள போயிடும்.

ஜோதி: எனக்கும்தான்… ஐயோ, அந்தப் பெட்டியைத் திறக்காதீங்க!

கெம்பம்மா: குட்டிங்களைப் பாக்கறேங்க. இதுங்களை ஏன் தனியா அடைச்சு வெச்சிருக்கீங்க?

ஜோதி: அப்படித்தான் வைக்கணும். இருட்டுல, வைக்கோல் மெத்தையில. தாய் பதட்டத்துல மிதிச்சிடும்.

கெம்பம்மா: மிதிபடற ஒடம்பா இதுங்களுக்கு? மூணும் முழிச்சுக்கிட்டு என்னையே பாக்குதுங்க.

ஜோதி: அதான் எனக்குப் புரியல. கண்ணு பத்து நாள் கழிச்சுத்தான் திறக்கணும். மேல ரோமமே இருக்கக் கூடாது. இதுங்க சட்டை போட்ட மாதிரி பொறந்திருக்கு.

கெம்பம்மா: பல்லும் இருக்குது. பெருசு என் விரலைக் கடிச்சுது. பல்லோட பொறந்தா தாய்மாமனுக்கு ஆகாதுங்க.

ஜோதி: எலிக்கு ஏது தாய்மாமன்!

கெம்பம்மா: பாத்தீங்களா? நீங்களே எலின்னுட்டீங்க.

ஜோதி: கெம்பம்மா…

கெம்பம்மா: சரி, சரி. சிரிக்கல. சொல்லுங்க.

ஜோதி: ஒரு மாசத்துல பிரசவம் ஆகியிருக்கணும். இது ரெண்டு மாசத்துக்கு மேல சுமந்திருக்கு. நாள் தப்பின பிரசவம். அதனாலதான் பல்லு, அதனாலதான் ரோமம். நாள் தப்பினா நஞ்சுக்கொடி லேசுல விழாது. விடியக்காலம் நீங்கதானே கூட இருந்தீங்க? கொடி விழுந்துதா?

கெம்பம்மா: …புல்லு பத்தல. போய் ஒரு கை அறுத்துட்டு வந்துடறேன்.

ஜோதி: உக்காருங்க. விழுந்துதா, இல்லையா?

கெம்பம்மா: இருட்டா இருந்துச்சுங்க.

ஜோதி: அரிக்கேன் விளக்கு இருந்துது. முதல் குட்டி தலை வந்தது, ரெண்டாவது குட்டி தும்மினது, எல்லாம் சொன்னீங்க. தும்மினது தெரிஞ்சுது, கொடி தெரியலையா?

கெம்பம்மா: என்னங்க இது, போலீசு மாதிரி கேக்கறீங்க.

ஜோதி: ஒருவேளை அதுவே தின்னுடுச்சோ? தாயே தின்னுடும்னு போட்டிருக்கு.

கெம்பம்மா: தின்னுதா? என் முன்னாடியா? பதினேழு வருசமா கொட்டாயில இருக்கேன். எந்தப் பசுவும் என் கண்ணெதிர்ல இளங்கொடியை வாயில வெச்சதில்ல. தின்னா பால் வத்திடும். அதைத் தின்னவிட்டுப் பாத்துட்டு நிக்கிறவ பண்ணையில கூலி வாங்கலாமா?

ஜோதி: அப்ப தின்னல.

கெம்பம்மா: சத்தியமா தின்னல.

ஜோதி: கூண்டுலயும் இல்ல. வைக்கோலை ஒவ்வொண்ணா எடுத்து உதறிப் பாத்துட்டேன். அப்ப உள்ளயே தங்கிடுச்சு.

கெம்பம்மா: அதெப்படிங்க தங்கும்?

ஜோதி: விழவும் இல்ல, தின்னவும் இல்ல. வேற எங்க போகும்? றெக்கை கட்டிப் பறந்துடுச்சா?

கெம்பம்மா: சின்ன உருப்படிதானே… கரைஞ்சு போயிருக்கும்.

ஜோதி: கரையாது. அழுகும். ஜுரம் வரும். சாயங்காலத்துக்குள்ள… அதான் இப்படிக் கத்துது, பாருங்க. வலி தாங்கல.

கெம்பம்மா: வலிக்குக் கத்தற மாதிரி இல்லைங்க. யாரையோ கூப்பிடற மாதிரி இருக்குது.

ஜோதி: கூப்பிடாது. அலமாரியில மூணாவது தட்டுல பிட்யூட்ரின் குப்பி இருக்கு, எடுங்க.

கெம்பம்மா: அது பசுவுக்குப் போடற மருந்துங்க! கொடி தங்கினா டாக்டர் போடுவாரே, அதுதானே?

ஜோதி: அதேதான். பசுவோட எடை எண்ணூறு பவுண்டு. இது ஒண்ணரை பவுண்டு. ஐந்நூத்து முப்பத்து மூணுல ஒரு பங்கு போடணும்.

கெம்பம்மா: அவ்வளவு சின்ன பங்குக்கு ஊசியில கோடு போட்டிருக்கானா?

ஜோதி: இல்ல. தண்ணியில கலந்துக்கணும்.

கெம்பம்மா: கொஞ்சம் கூடிப் போச்சுன்னா?

ஜோதி: கர்ப்பப்பை கிழிஞ்சிடும்.

கெம்பம்மா: கிழிஞ்சுதுன்னா?

ஜோதி: …குப்பியை எடுங்க, கெம்பம்மா.

கெம்பம்மா: இதுக்கு முன்னால ஊசி போட்டிருக்கீங்களா?

ஜோதி: பாத்திருக்கேன்.

கெம்பம்மா: நானும்தான் பாத்திருக்கேன்! பதினேழு வருசமா பாத்திருக்கேன்!

ஜோதி: அப்ப நீங்க போடறீங்களா?

கெம்பம்மா: பொறுங்க… நாளைக்கு டாக்டர் வரட்டுமே. ஒரு ராத்திரிதானே.

ஜோதி: ஒரு ராத்திரி தாங்காது. அதை இப்படிப் பிடிச்சுக்கோங்க. ரெண்டு கையாலயும்.

கெம்பம்மா: நான் பிடிக்க மாட்டேன்.

ஜோதி: நானே பிடிச்சு நானே குத்த எனக்கு மூணு கை இருக்கா? பிடிங்க. எனக்கு மட்டும் ஆசையா? எனக்கே இதுதான் முதல் ஊசி!

கெம்பம்மா: அதான் பயமா இருக்குது… ஐயோ, ஊசியை ஏத்தாதீங்க! பேடம்மா, பேடா! வேண்டாங்க! உள்ள ஒண்ணும் இல்ல!

ஜோதி: உங்களுக்கு எப்படித் தெரியும்?

கெம்பம்மா: தெரியும்.

ஜோதி: எப்படின்னு கேக்கறேன்.

கெம்பம்மா: அது… ஆலமரத்துல இருக்குது.

ஜோதி: எது?

கெம்பம்மா: இளங்கொடி. மூணும். விழ விழ எடுத்து, வைக்கோல்ல பொதிஞ்சு, கயிறு சுத்தி… பால் வடியற மரமாச்சே, அங்க கட்டினா தாய்க்கும் பால் சொரியும். பசுவுக்கெல்லாம் கட்டறதுதானே.

ஜோதி: இது பசு இல்ல, கெம்பம்மா!

கெம்பம்மா: பால் குடுக்கறவதானே? முறைக்காதீங்க.

ஜோதி: இதை அப்பவே சொல்லியிருக்கலாமே! ஒரு நிமிஷம் தாமதிச்சிருந்தா நானே அதைக் கொன்னிருப்பேன்!

கெம்பம்மா: எப்படிச் சொல்வேன்? 'இனிமே மரத்துல ஒரு மூட்டை பாத்தேன்னா, கட்டினவ வீட்டுக்குப் போகலாம். குழி தோண்டி சுண்ணாம்பு போட்டுப் புதைங்க'ன்னு டாக்டர் போன வருசமே சொல்லிட்டார். நீங்க அவர் கட்சி. இது நெல்லிக்காய் அளவுதானே, எலைக்குள்ள யாருக்குத் தெரியப் போகுதுன்னு…

ஜோதி: நெல்லிக்காய் அளவு மூட்டையை மரமேறிக் கட்டினீங்களா?

கெம்பம்மா: ஏறல. விழுதுல கட்டினேன். சிரிக்கிறீங்களா, அழறீங்களா?

ஜோதி: தெரியல. இந்த ஊசியை முதல்ல வாங்கி அந்தத் தட்டுல வைங்க.

கெம்பம்மா: வெச்சாச்சு. தண்ணி குடிங்க.

ஜோதி: இருங்க… கொடி தங்கலன்னா வலி இல்ல. வலி இல்லன்னா இது ஏன் இன்னும் கத்துது?

கெம்பம்மா: அதைத்தானே நான் அப்போ இருந்து… ஐயையோ. ஜோதிம்மா, இங்க வாங்க. சின்னவன் துவண்டு கெடக்கான்.

ஜோதி: தூங்கறானா?

கெம்பம்மா: தூங்கறவன் தலை இப்படியா தொங்கும்? வயிறு ஒட்டிக் கெடக்குது. எப்பங்க பால் குடிச்சான்?

ஜோதி: இன்னும் இல்ல. ராத்திரி ஒரு தரம் விடணும்.

கெம்பம்மா: ஒரு தரமா? நாள் பூரா ஒரு தரமா?

ஜோதி: அப்படித்தான் போட்டிருக்கு. பகல்ல தாய் குட்டிகிட்டயே போகாதாம்.

கெம்பம்மா: போகாதா? கம்பியைக் கடிச்சுக்கிட்டு நிக்கிறா, பாருங்க! வலியும் இல்ல, பயமும் இல்ல. 'என் புள்ளைங்களைக் குடு'ங்கறா. விடுங்க உள்ள.

ஜோதி: மிதிச்சிடும். புத்தகத்துல…

கெம்பம்மா: புத்தகத்துக்கா பசிக்குது?

ஜோதி: தப்பாப் போச்சுன்னா மூணும் போயிடும், கெம்பம்மா. எனக்குத் தெரிஞ்சது இது ஒண்ணுதான்.

கெம்பம்மா: என் வேலை போகும்னு தெரிஞ்சேதான் உங்ககிட்ட ஆலமரத்தைச் சொன்னேன். நீங்க ஒரு பெட்டியைத் திறக்க மாட்டீங்களா, ஜோதிம்மா?

ஜோதி: கூண்டுக் கதவைத் தூக்கிப் பிடிங்க. நானே விடறேன்.

கெம்பம்மா: மெதுவா… மொதல்ல பெரியவங்க. ஓடுதுங்களே! நேரா அம்மாகிட்ட ஓடுதுங்களே!

ஜோதி: கத்தறது நின்னுடுச்சு.

கெம்பம்மா: நிக்காம? ரெண்டையும் மோந்து பாக்கறா. நக்கறா. மிதிக்கிறாளா, பாருங்க உங்க கண்ணால.

ஜோதி: சின்னவன் என் கையில அசையவே இல்ல.

கெம்பம்மா: அவ வயித்துக்கிட்ட வைங்க. கையை எடுங்க… இன்னும் எடுங்க.

ஜோதி: விழுந்துட்டான்.

கெம்பம்மா: விழட்டும். அவ பாத்துட்டா. முகத்தை நக்கறா… எந்திரிக்கிறான். மூக்கால முட்டறான். இருக்கறதே ரெண்டு காம்பு. அந்தப் பெரியவனைக் கொஞ்சம் தள்ளி விடுங்க.

ஜோதி: குடிக்கறானா?

கெம்பம்மா: ஸ்ஸ்…

ஜோதி: குடிக்கறானான்னு சொல்லுங்களேன்!

கெம்பம்மா: குடிக்கறான். வாலிருந்தா ஆட்டியிருப்பான். வாயோரம் வெள்ளையாத் தெரியுதே, பாருங்க… முகத்தைத் துடைச்சுக்கோங்க மொதல்ல.

ஜோதி: ஒண்ணுமில்ல. வைக்கோல் தூசி.

கெம்பம்மா: டாக்டர் வந்து இளங்கொடி எங்கன்னு கேட்டா என்ன சொல்வீங்க?

ஜோதி: தாயே தின்னுடுச்சுன்னு சொல்றேன்.

கெம்பம்மா: ஐயோ, எம் மானம் போயிடும்! நான் தூங்கிட்டேன்னு நெனப்பாரு.

ஜோதி: வேலை போறதுக்கு மானம் போகட்டும்.

கெம்பம்மா: சரி… ஆனா ஒண்ணு. பால் குடிக்கிற புள்ளையைப் பிரிச்சுப் பெட்டியில போடுன்னு எழுதினானே ஒரு மடையன், அவனைச் சும்மா விடக் கூடாது. நாளைக்கு அந்தப் புத்தகத்தைத் தூக்கி டாக்டர் மேசையில போடுங்க. ரெண்டுல ஒண்ணு கேட்டுடலாம்.

ஜோதி: வேண்டாம், கெம்பம்மா… அவன் சரியாத்தான் எழுதியிருக்கான். அது முயல் வளர்க்கிற புத்தகம்.