கார்டுக்கு ரஜ்ஜுப் பொருத்தம்

ஸஹ்ரா: ரெண்டு ஜிபிக்கு மேல போட்டா உங்க பழைய கம்ப்யூட்டர் அதைச் சட்டையே பண்ணாது சார். அதான் கடை பூரா தேடி பழைய கேமரா மெமரி கார்டா எடுத்து வச்சிருக்கேன்.

காசிநாதன்: இது என்னைக்குப் பொறந்தது?

ஸஹ்ரா: எது?

காசிநாதன்: கார்டும்மா. தயாரிச்ச தேதி.

ஸஹ்ரா: மாசமும் வருஷமும்தான் போட்டிருக்கு. மார்ச், ரெண்டாயிரத்திப் பத்து...

காசிநாதன்: நாளும் நேரமும் இல்லாம நட்சத்திரம் எப்படி எடுக்கறது? சரி, கம்பெனி பேரு என்ன எழுத்துல ஆரம்பிக்குது?

ஸஹ்ரா: ஷ.

காசிநாதன்: அப்ப நட்சத்திரம் அஸ்தம். என் கம்ப்யூட்டரை வாங்கினது எண்பத்தெட்டுல, ரோகிணி அன்னைக்கு. ரெண்டும் ஒரே ரஜ்ஜு. சேர்த்து வச்சா ஒண்ணு போயிடும்.

ஸஹ்ரா: அம்மா, சார் விளையாடுறாரா?

மணிமேகலை: எங்க வீட்டுக்காரருக்கு விளையாட்டே தெரியாதும்மா. அப்பல்லாம் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்ல வேலை. ஞாயித்துக்கிழமையானா சமயபுரம் கோயில் பக்கத்துல 'கம்ப்யூட்டர் ஜாதகம்'னு போர்டு வச்சு உக்காந்துடுவாரு. கீபோர்டு மாதிரி இருக்கற அந்தக் கம்ப்யூட்டரை டிவியில மாட்டி, பொண்ணு மாப்பிள்ளை பொறந்த தேதியை அடிச்சா, பத்துக்கு எத்தனை பொருத்தம்னு காட்டும். எங்க கல்யாணமே அதுல பார்த்து முடிச்சதுதான்.

காசிநாதன்: பத்துக்கு ஒம்போது.

ஸஹ்ரா: மாஷா அல்லாஹ். இப்ப ஃப்ளாப்பி டிரைவ் செத்துப் போச்சு, அதுக்குப் பதிலா கார்டு. அவ்வளவுதானே? ஃப்ளாப்பியில இருக்கறதை இங்கயே படிச்சு, கார்டுல ஏத்தி, ஸ்கிரீன்ல ஒரு தடவை பார்த்துட்டு...

காசிநாதன்: படிக்கணுமா?

மணிமேகலை: பார்க்கணுமா?

ஸஹ்ரா: பின்ன? ...சரி, கார்டு வேண்டாம். பென் டிரைவ் சொருகுற டப்பா இருக்கு. ஃப்ளாப்பி டிரைவ் இருந்த இடத்துலயே உக்காந்துக்கும்.

மணிமேகலை: செவப்பு லைட்டு எரியுதே. எங்க குடும்பத்துல யாருக்கும் செவ்வாய் தோஷம் கிடையாது.

ஸஹ்ரா: பச்சை லைட்டு மாத்தித் தரேன்.

காசிநாதன்: வந்தான் போனான்னு சொருகி உருவுறதையெல்லாம் குடும்பத்துல சேர்க்க முடியாதும்மா.

ஸஹ்ரா: அப்ப இந்த ஹார்டு டிஸ்க். நாலு ஸ்க்ரூ போட்டு முடுக்கிட்டா எங்கயும் போகாது.

மணிமேகலை: இது இதுக்கு முன்னாடி வேற கம்ப்யூட்டர்ல இருந்துதா?

ஸஹ்ரா: ஆமா, செகண்ட் ஹேண்டு...

மணிமேகலை: ரெண்டாந்தாரம். வேண்டாம்.

ஸஹ்ரா: பதினோரு மணிக்கு வந்தீங்க. இதோட மூணு காட்டிட்டேன். நிஜமா வாங்கத்தான் வந்தீங்களா?

காசிநாதன்: வாங்காம போனா பொண்ணு மூஞ்சியில முழிக்க முடியாது. எங்க மலர்க்கொடி ஒரு பையனைத்தான் கட்டுவேன்னு நிக்கிறா. பையனோட அம்மா, சகுந்தலா... "உங்களைச் சேர்த்து வச்ச அதே மெஷின் ஒம்போதுன்னு சொல்லட்டும், உடனே தட்டு மாத்திக்கலாம்"னுட்டாங்க.

மணிமேகலை: வெள்ளிக்கிழமை வந்து டிவி முன்னாடி உக்காரப் போறாங்க. மெஷின் ஓடலைன்னா சம்பந்தம் இல்ல.

ஸஹ்ரா: இன்னைக்கு வியாழன்.

மணிமேகலை: அதான் அவசரமா வந்தோம்.

ஸஹ்ரா: இந்த அவசரத்துல போனா பேரன் கல்யாணத்துக்குத்தான் கார்டு வாங்குவீங்க. அந்த ஃப்ளாப்பியை இப்படிக் குடுங்க.

காசிநாதன்: மேகலை, நீ கீழ சத்திரம் பஸ் ஸ்டாண்டுல ஒரு டீ குடிச்சுட்டு வாயேன்.

மணிமேகலை: நீங்க போயிட்டு வாங்க. நான் பார்த்துக்கறேன்.

காசிநாதன்: உனக்கு இதுல என்ன...

மணிமேகலை: உங்களுக்கு மாத்திரை போடற நேரம்...

ஸஹ்ரா: ரெண்டு பேரும் உக்காருங்க. ...ம், படிச்சுடுச்சு. சார் எழுதின புரோகிராம் ஒண்ணு. அதுல பார்த்த ஜாதகமெல்லாம் ஒண்ணு.

காசிநாதன்: போதும்மா, மூடிடு.

ஸஹ்ரா: இருங்க, முன்னூத்தி நாப்பதாவது வரியில என்னமோ... 'பொண்ணு பேரு மணிமேகலைன்னா, எந்தக் கணக்கும் போடாதே, ஒம்போதுன்னு காட்டு.'

காசிநாதன்: மேகலை...

மணிமேகலை: முப்பத்தஞ்சு வருஷம்.

காசிநாதன்: உங்கப்பா வாரம் ஒரு மாப்பிள்ளை ஜாதகத்தோட வருவாரு. நீ பின்னாடி நிப்ப. மூணாவது வாரம் என்னால தாங்க முடியல. அடுத்த ஞாயிறு என் ஜாதகத்தையும் போட்டுப் பார்க்கலாமான்னு கேட்டுட்டேன். அவரும் சரின்னுட்டாரு. அந்த வாரம் எழுதின வரிதான் அது. நிஜமா எத்தனை வரும்னு இன்னைக்கு வரைக்கும் நான் பார்க்கல. பயம்...

ஸஹ்ரா: இப்ப பார்த்துடலாம் சார். அந்த வரியை எடுத்துட்டு என் கம்ப்யூட்டர்லயே ஓட்டுறேன்.

காசிநாதன்: வேண்டாம்மா.

மணிமேகலை: வேண்டவே வேண்டாம்மா.

ஸஹ்ரா: ஓட்டிட்டேன். சார்... ஒம்போதுதான் வருது.

காசிநாதன்: நிஜமாவா? மேகலை, கேட்டியா? நான் எழுதாட்டியும் ஒம்போது. தினமும் நீ சோறு போடறப்பல்லாம் திருடன் மாதிரி சாப்பிட்டேனே.

ஸஹ்ரா: ஒரு சந்தேகம். அம்மா பொறந்தது அறுபத்தஞ்சா?

காசிநாதன்: அறுபத்தேழும்மா. அறுபத்தஞ்சு அவங்க அக்கா காளியாயி.

ஸஹ்ரா: இதுல அறுபத்தஞ்சுன்னுதான் இருக்கு.

காசிநாதன்: அன்னைக்கு சீட்டுல இருந்ததை அப்படியே அடிச்சேன். உங்கப்பா சட்டைப் பையில இருந்து எடுத்துக் குடுத்த சீட்டு... மேகலை?

மணிமேகலை: நீங்க கேட்ட அந்த வாரமே நான் ஜோசியர்கிட்ட ஓடினேங்க. எனக்கும் உங்களுக்கும் பத்துக்கு ரெண்டுதான், அதுவும் ரஜ்ஜு இல்லைன்னாரு. அக்காவுக்குப் போட்டா ஒம்போது. அதான் அப்பா பையில அக்கா பொறந்த தேதி போட்ட சீட்டை மாத்தி வச்சேன். ...ஸஹ்ரா, முதல்ல காட்டினியே, அந்த ரஜ்ஜு சேராத கார்டு, அதையே குடும்மா. அந்த முன்னூத்தி நாப்பதாவது வரியைத் திரும்பப் போட்டு, என் பேருக்குப் பக்கத்துல மலர்க்கொடின்னும் சேர்த்துடு.