ஊரே பார்க்கும் மகன்

ஆண்டிமடத்திலிருந்து ஜெயங்கொண்டம் போகும் பஸ்ஸில் என் முன் சீட்டில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"எம் மவன ஊரே பாக்குது. எங்கிட்ட பேசத்தான் ஆளில்ல" என்றார் ஜன்னலோரம் இருந்தவர்.

"யூடியூப்லதானக்கா?"

"ஆமா. மொதல்ல செல்போனப் பத்திப் பேசுனான், யாரும் பாக்கல. முஸ்லிம் சனங்கள ஏச ஆரம்பிச்சான், கூட்டம் சேந்துச்சு. கேஸ் போட்டாங்க. ஜாமீன்ல வந்தப்ப மால போட்டாங்க. இப்ப இன்னும் மோசமாப் பேசுறான்."

"நீங்க கேக்கலயா?"

"கேட்டேன், காதுலயே வாங்கல. பக்கத்து வூட்டு மும்தாஜ் கடைய வீடியோல காட்டி, இங்க வாங்காதீங்கன்னுட்டான். அவ கடைய மூடிட்டு ஆண்டிமடம் வந்துட்டா. முந்திரி ஒடைக்கப் போன நாள்லேர்ந்து என் கூட்டாளி. மன்னிப்புக் கேக்கத்தான் இன்னிக்கி வந்தேன்."

"திட்டுனாங்களா?"

"திட்டியிருந்தா தேவலையே. எப்பவும் 'வாடி'ம்பா. இன்னிக்கி 'வாங்க, உக்காருங்க'ன்னா."