எங்கட கிணத்துக்கு ஓர் அளவு

...குடிக்கலாமோ கூடாதோ, ஒரு சொல்லில சொல்லுங்கோ எண்டால்? அப்பிடி ஒரு சொல் இருந்தா கிணத்துத் தண்ணிக்கு அளவு வைக்கிற அந்தக் கமிட்டி ஏன் மாசக்கணக்கா இருந்து தேத்தண்ணி குடிக்குது? வாளியை வையும் கௌரி. பிள்ளைத்தாச்சி, தூக்கிக்கொண்டு நிக்கிறீர். வையும்!

'ரிட்டயரான கெமிஸ்ட் கனகசபாபதி கொட்டாஞ்சேனையில சும்மாதானே இருக்கிறார், அவரைப் போடுங்கோ' எண்டு போட்டாங்கள். சரி, போனன். கமிட்டி கூடுற பொரளைக்குப் போறதுக்குள்ள ரெண்டு செக்பொயின்ற். ஆமிக்காரன் பேப்பரைத் தட்டிப் பாத்து, 'மே மொகக்த?' எண்டான், இது என்னவாம். பெர்குளோரேட் எண்டு சொல்லுவனோ? வெடிமருந்தில போடுற சாமான்! என்ர பேரும் தமிழ்ப் பேர். 'வத்துர' எண்டன். தண்ணி விசயம். விட்டுட்டான்.

ஓம், வெடிமருந்துதான். உந்த மதிலுக்கு அங்கால சீனவெடி கட்டின கொட்டில் இருந்ததெல்லோ. பொலிஸ் பூட்டிச்சுது. மருந்தைப் பூட்டேலுமோ? மண்ணுக்குள்ள இறங்கி எங்கட கிணத்துக்கு வந்திட்டுது. கழுத்தில தைரொயிட் இருக்கு. அதுக்கு அயடீன் வேணும். இந்தச் சனியன் முதல் போய் வாசலை மறிச்சுக்கொண்டு நிக்கும். அயடீன் உள்ள போகேலாது. வயித்தில இருக்கிறதுக்கு மூளை வளர அதுதான்... முழிக்காதையும். இன்னும் முடியேல்லை.

அளவு எப்பிடி வைக்கிறது? வெளிநாட்டில சுகதேகிகளுக்கு இந்தச் சாமானைக் குடுத்துப் பாத்திருக்கினம். ஒண்டும் செய்யாத அளவு எதுவோ, அதை எடுத்து வகுக்கிறது. எல்லாரும் சுகதேகியில்லையே, அதுக்குத்தான். வகுக்க வகுக்க அளவு குறையும். பத்தால வகுத்தா எங்கட கிணத்துத் தண்ணி அளவுக்கு மேல நிக்கும், மூடவேணும். மூண்டால வகுத்தா மூடத் தேவையில்லை. அவ்வளவுதான் சயன்ஸ்.

கமிட்டியில இருக்கிற டொக்டர் பஹ்மியா பத்து எண்டு நிண்டவ. மூண்டு எண்டு நிண்டது ஆர்? நான்தான்! மூடினா இந்தத் தோட்டத்து வரிசை வீட்டுச் சனம் எங்க போறது? பைப்பில காத்து வருது. தண்ணி பவுசர் செக்பொயின்ற்ல நிண்டு பொழுதுபட வரும். அவ விடேல்லை. 'அயடீன் குறைஞ்ச கர்ப்பிணிகள்?' எண்டு கேட்டா. டொக்டர், அயடீன் போடாத உப்புக் கடையில விக்கேலாது, சட்டம், கொழும்பில எந்தப் பொம்பிளைக்குக் குறையப்போகுது எண்டு மேசையில தட்டிச் சொன்னன். சரி, மூண்டு எண்டு எழுதிட்டா. நாளைக்குக் கையெழுத்து. ஆனபடியா குடிக்கலாம். ஓம். குடியும்.

என்ன இன்னும் நிக்கிறீர்? நம்பிக்கையில்லையோ? எந்தக் கடையில உப்பு வாங்குறனீர், சொல்லும்.

கடையில இல்லையோ... பின்னை?

நான்... தந்ததோ.

அது... ஊருக்குப் போற பாதையை ஆமிக்காரர் எப்ப மூடுவாங்களோ எண்டு, திறந்திருக்கேக்கையே லொறியில மூட்டை மூட்டையா எடுப்பிச்சனான். ஊர்க் கல்லுப்பு. வெயில்ல காய்ஞ்சது, ஒண்டும் கலக்காதது... பக்கத்து வீட்டு நாகேஸ்வரிக்குக் குடுத்தன். மாக்ரெட்டுக்கு... வீட்டுக்கு வீடு குடுத்தன்.

எப்பயிலயிருந்து அதில சமைக்கிறீர்?

கலியாணம் முடிச்சு வந்த நாளிலயிருந்தோ.

...குடிக்காதையும். கவிட்டு ஊத்தும். பேசாமல் நில்லும், கோல் எடுக்கவேணும்.

ஹலோ... டொக்டர், கனகசபாபதி. பத்தால வகுங்கோ. ஓம், பத்து. கிணறு மூடட்டும், நான் சனத்திட்டப் பேச்சு வாங்கிறன். இஞ்ச ஒரு கர்ப்பிணி நிக்குது. கலியாணம் முடிச்ச நாளிலயிருந்து அயடீன் உப்பே நாக்கில படேல்லை... இல்லை, ஒரு ஆள் இல்லை, முழுத் தோட்டமும்தான். சட்டம் இருக்குத்தான் டொக்டர், சொன்னது நான்தான்... அந்த உப்பு எங்கயிருந்து கிடைச்சதோ?

ஒரு விசர்க் கிழவன் சும்மா குடுத்தவன்.